மேட்டுக்கால்

...இருபது நிமிஷம் என்று திருகிவிட்டேன், இனி அந்தச் சூடு பிடிக்கிற மெசின் தானாக டிக் டிக் என்று பின்னோக்கி வந்து, மணி அடித்து, தானாக அணைந்துவிடும், எனக்கு அதில் என்ன வேலை, ஒரு வேலையும் இல்லை, பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை, சூடு கூடினால் சொல்லுங்க என்று சொல்வதுதான் வேலை, இதற்கா நான்கு வருஷம் பிசியோதெரபி, எந்த நரம்பு முள்ளந்தண்டின் எந்த ஓட்டையால் வெளியே வந்து எந்தத் தசைக்குப் போகிறது என்று விழுந்து விழுந்து படித்தது இதற்கா, மார்க்கட்டில் மீன் வெட்டுகிறவனைக் கூட்டிவந்து பத்து நிமிஷம் பழக்கினால் அவன் இந்தத் திருகியை என்னைவிட ஒழுங்காகத் திருப்புவான்... டொக்டரின் துண்டில் மூன்றே விஷயம், இடது இடுப்பு, சூடு, பத்து நாள், கீழே ஒரு கிறுக்கல், அது கையெழுத்து. ஏன் சூடு, ஏன் பத்து, ஏழாம் நாளே சரியாகிவிட்டால் மிச்சம் மூன்று நாளை என்ன செய்வது, கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தரம் கேட்டேன், அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, சிங்களத்தில், மிக அன்பாக, தம்பி, நீ யோசிக்கத் தேவையில்லை, அதற்குத்தானே நான் இருக்கிறேன் என்றார். கத்தியிருந்தால் மறந்திருப்பேன். அன்பாகச் சொன்னார், அதுதான் மூன்று வருஷமாக உள்ளே கிடந்து அரிக்கிறது.

சட்டைப் பையில் விண்ணப்பப் படிவம் மடித்தபடி இருக்கிறது, மூச்சு விடும்போதெல்லாம் அதன் மூலை நெஞ்சில் குத்துகிறது, பெயர் கணபதி, வயது இருபத்தொன்பது, தகைமை, அனுபவம், எல்லாம் நிரப்பியாகிவிட்டது, கடைசிப் பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. உங்கள் தொழிலில் நீங்கள் சந்தித்த, எந்தப் புத்தகத்திலும் விடை கிடைக்காத ஒரு கேள்வியை எழுதுக, அது உங்களுக்கு எவ்வாறு எழுந்தது என்பதையும் எழுதுக. அரைப் பக்கம் வெற்றிடம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஒரே ஒரு ஆராய்ச்சி இடம், இன்றைக்கு நாலு மணிக்குள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கையெழுத்திட்ட மூலப்பிரதி, படம் பிடித்து அனுப்பினால் எடுக்கமாட்டார்கள், இப்போது ரெண்டு பத்து. மூன்று மாதமாக யோசிக்கிறேன். கேள்வி வரவில்லை. கோபம் வருகிறது, அதற்குப் பஞ்சமில்லை, கேள்வி வரவில்லை... எப்படி வரும், திருகியைத் திருப்புகிறவனுக்கு என்ன கேள்வி வரும், மெசின் ஏன் இந்தப் பக்கமாகத் திரும்புகிறது, அந்தப் பக்கமாகத் திரும்பினால் என்ன என்பதா?

தேடாமல் இல்லை. படிக்கும் காலத்தில் சொன்னார்கள், இந்தத் துறை பெரிய கடல், விளையாட்டு இருக்கிறது, மூளை நரம்பு இருக்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள், மூளைக்கு வேலை வேண்டும் என்றால் கிடைக்கும் என்று. போய்ப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்து றகர் டீமோடு ஒரு சீசன் முழுக்க ஓடினேன், ஐஸ் பையும் பிளாஸ்டர் சுருளும், விழுந்த பையனின் முழங்கால் எந்தக் கோணத்தில் மடங்கியது என்று நான் யோசிக்க ஆரம்பிக்கும்போதே கோச் கோட்டுக்கு வெளியே நின்று எழுப்பு, எழுப்பு, அவனை எழுப்பு என்று கத்துவார். பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு, நெஞ்சுச் சளியைத் தட்டி எடுக்கிற வேலை, இரவு முறை, அங்கே கொஞ்சம் மூளை வேலை செய்தது, ஒத்துக்கொள்கிறேன், எந்த நுரையீரல் துண்டில் காற்றுப் போகவில்லை, ஆளை எந்தப் பக்கம் திருப்பினால் போகும், ஒவ்வொரு ஆளுக்கும் தனித் தனியாக எழுதிவைப்பேன். மூன்றாம் மாதம் ஒரு காலையில் முறை மாறும்போது, நான் எழுதிய தாளை யாரோ வாசிக்காமலே நான்காக மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுத்திருந்ததைப் பார்த்தேன். மேசை ஆடாமல் நின்றது. அன்றோடு இரவு முறையை விட்டேன், ஓடிவிட்டான் என்றார்கள், சொல்லட்டும். பிறகு இந்தக் கிளினிக், கண்டி டவுனில், மூன்றாம் மாடியில், முதுகு நோகிறவன், முழங்கால் நோகிறவன், எல்லோரும் படி ஏறி வரவேண்டும், லிப்ட் பழுதாகி எட்டு மாதம்.

பஸீஹா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள், என்னோடு படித்தவள், அடுத்த கட்டிலைப் பார்க்கிற பிசியோ, என்ன, இன்னமும் அந்த அரைப் பக்கத்தோடயா மல்லுக்கட்டிட்டு ஈக்கிறீங்க என்றாள், கேள்விதானே வேணும், லிப்டு எப்ப திருத்துவாங்கன்னு எழுதுங்க, அதுக்கு எந்தப் புத்தகத்திலயும் விடை இல்ல என்றாள். சிரிக்க வேண்டிய இடம்தான். சிரிப்பு வரவில்லை. அவளுக்கு என்ன, இங்கிலீஷ் சோதனை பாஸ், வீசா வந்துவிட்டது, அடுத்த மாதம் ஒஸ்திரேலியா, அங்க பிசியோவே நேரடியா ஆளப் பாத்து முடிவெடுக்கலாம் கணபதி, டொக்டர்ட துண்டு ஒண்டும் தேவல்ல, நீங்க ஏன் இங்க கெடந்து குமுர்றீங்க என்றாள். குமுறுகிறேனாம். நான் ஏன் போக வேண்டும், இடுப்பும் முழங்காலும் ஒஸ்திரேலியாவில் மட்டுமா இருக்கிறது, யோசிப்பதற்கு விமான டிக்கட் எடுக்க வேண்டுமா... அவள் போய்விட்டாள், போகும்போது, அந்தம்மாட போர்வைய சரியாப் போடுங்க, கால் வெளிய தெரியுது என்றாள். சரிதான். கால் வெளியே தெரிந்தது. நான் பார்க்கவில்லை.

அந்தக் கால் அங்கம்மாவின் கால். பன்விலப் பக்கத்துத் தோட்டம், கொழுந்து எடுக்கிறவர், ஐம்பதைத் தாண்டியிருப்பார், குதியில் தேயிலைச் சாயம் ஏறிய வெடிப்பு, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு, அந்தக் கறுப்பு எனக்குத் தெரியும். போன மாதம் இரண்டு தரம் வந்தவர், இன்று மூன்றாம் தரம், இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார், கையில் தோட்டத்து நலன்புரி அதிகாரியின் கடிதம். கடிதம் இப்போது பைலில் இருக்கிறது, நாலே வரி, தங்கள் அறிக்கையின்படி இவருக்கு நோய் இருப்பதாக நிரூபணமாகாததால் நாற்றுமேடையில் கொடுத்திருந்த இலகு வேலை நிறுத்தப்பட்டு மீண்டும் கொழுந்துக்கு அனுப்பப்பட்டுள்ளார், மேலதிகமாக ஏதும் இருப்பின் நாளைக்குள் அறியத் தரவும். தங்கள் அறிக்கையின்படி. எந்த அறிக்கை, யார் எழுதியது, என்ன வகையான ஆட்கள் இவர்கள், ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வருகிறாள், அவளுக்கு நோய் நிரூபணமாகவில்லையாம், நிரூபிக்க வேண்டியது யார், அவளா?

இந்த கரண்டு புடிக்கிறது நல்லாத்தான் இருக்கு தம்பி, கதகதன்னு இருக்கு, வீட்டுக்குப் போனதும் போயிரும் என்றார் அங்கம்மா, கூரையைப் பார்த்தபடி. கரண்ட் பிடிக்கிறது. வெளியே போர்டில் இயன்மருத்துவர் என்று தமிழில் எழுதியிருக்கிறது, அதை வாசித்த ஒரு மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை, எல்லோருக்கும் நான் கரண்ட் பிடிக்கிற தம்பி, உளுக்கு எடுக்கிறவர், அம்மாவுக்கு டாக்டரு மாதிரி. எங்க மகன் கண்டியில டாக்டரு மாதிரி இருக்கான் என்று லயத்து வீடுகளில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள், அந்த மாதிரிக்குள்தான் நான் குடியிருக்கிறேன்... தம்பிக்கு எந்தப் பக்கம், போன தடவையும் கேட்டேன், என்னமோ சொன்னீங்க, மறந்து போச்சு என்றார். குண்டசாலை என்றேன். அறை எடுத்திருப்பது குண்டசாலையில்தான், பொய் இல்லை. பன்வில என்றால் எந்தத் தோட்டம் என்பார்கள், தோட்டத்தைச் சொன்னால் எந்த லயம், யாரு மகன், பிறகு இந்த வெள்ளைச் சட்டைக்கு ஒரு மதிப்பும் இருக்காது. குண்டசாலையா, அங்கயும் நம்மாளுக இருக்காங்களா என்றார், இருக்காங்க என்றேன், அவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன்.

சும்மா இருக்க முடியாமல் பைலைப் புரட்டினேன், முதல் நாள் தாளில் வலது என்று இருந்தது, இரண்டாம் நாள் தாளில் இடது, டொக்டரின் துண்டு இரண்டாம் நாளைப் பார்த்து எழுதியது, ஆகவே சூட்டுப் பட்டை இடப்பக்கம் இருக்கிறது, இவ்வளவும் ஒழுங்கு, கேட்க வேண்டாம்தான், ஆனாலும் வாய் கேட்டுவிட்டது, அம்மா, இன்னைக்கு எந்தக் காலுங்க நோகுது. அங்கம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தார், சன்னலில் எதிர்க் கட்டிடத்தின் சுவர்தான் தெரிகிறது, பிறகு மற்றப் பக்கம் திரும்பி அலுமாரியைப் பார்த்தார், தெருவில் வழி தவறியவர் திசை தேடுவது போலத் தேடினார், தேடிவிட்டு என்னிடம் கேட்டார், இங்க மேடு எங்கிட்டு இருக்கு தம்பி?

என்ன மேடு, என்ன கேட்கிறார் இந்த அம்மா, கிழக்கு மேற்கு கேட்பது போல... என்று நினைத்தது மூளையின் மேல்தட்டு மட்டும்தான், அடியில் எங்கோ ஒன்று ஏற்கனவே எழுந்து உட்கார்ந்துவிட்டது. மேட்டுக்கால்தான் தம்பி நோகும், பள்ளக்கால் ஒண்ணும் செய்யாது, இங்க எல்லாம் மட்டமா இருக்கே, எந்தக் கால்னு கேட்டா என்னத்தச் சொல்றது, போன தடவ அந்தக் கட்டிலு, அங்க சன்னல்ல மலை தெரிஞ்சிச்சு, அத வச்சுச் சொன்னேன் என்றார். முதல் நாள் அவர் படுத்தது மூலைக் கட்டில், அதன் சன்னலில் ஹந்தானைப் பக்கத்து மலை தெரியும், வலப்பக்கம். இரண்டாம் நாள் அந்தக் கட்டிலையே நான் திருப்பிப் போட்டிருந்தேன், மெசின் வயர் எட்டவில்லை என்று. மலை இடப்பக்கம் வந்துவிட்டது. அவர் இரண்டு நாளும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். கட்டிலைத் திருப்பியது நான்.

முதல் நாள் தாளை மறுபடி பார்த்தேன், இப்போது ஒழுங்காகப் பார்த்தேன், எழுத்து என் எழுத்து, என் பேனா, இரண்டாம் நாள் தாளின் அடியில் இங்கிலீஷில் ஒரு வரி, வலிக்கும் பக்கத்தை மாற்றி மாற்றிச் சொல்கிறார், பரிசோதனையில் ஒன்றும் இல்லை, கூற்று நம்பத்தகுந்ததல்ல, அதுவும் என் எழுத்து. டொக்டர் கையெழுத்து மட்டும்தான் போட்டார். இவ்வளவு நேரமாக யார் எழுதியது, என்ன வகையான ஆட்கள் என்று நான் ஏசிக்கொண்டிருந்த ஆள்... நம்பத்தகுந்ததல்ல என்ற சொல்லை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, அதுவும் ஞாபகம் வருகிறது, மூன்று வருஷத்தில் முதல் தரம் டொக்டர் என் வரியை அப்படியே ஏற்றுக்கொண்டார், குட் என்றார். முதல் நாள் அங்கம்மா மேட்டுக்கால் என்று சொன்னாரா, சொன்னார், என் காதில் விழுந்தது, விழவில்லை என்று யாரிடம் பொய் சொல்வது, அந்தச் சொல்லோடு வளர்ந்தவன் நான். படிவத்தில் இரண்டு பெட்டிதான் இருந்தது, வலது, இடது. மேட்டுக்காலுக்குப் பெட்டி இல்லை. இருந்திருந்தாலும் போட்டிருக்கமாட்டேன், அதைப் போட்டால் எனக்கு அது எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள்.

பதினொரு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது மெசினின் பட்டையைக் கழற்றினேன், மணி அடிக்கலியே தம்பி என்றார், அது கிடக்குது, எழும்புங்க என்றேன், குரல் கொஞ்சம் பலமாக வந்துவிட்டது. இந்தக் கட்டிடம் மலைச்சரிவில் குடைந்து கட்டியது, முன்பக்கம் மூன்றாம் மாடி, பின்கதவைத் திறந்தால் மேல் ஒழுங்கை, ஒடுங்கிய ஒரு தெரு, தரைமட்டம், ஒரு படி கூட ஏற வேண்டாம், ஆனால் அது டொக்டரின் கார் நிற்கும் இடம், நோயாளிகள் போகக் கூடாது, சாவி மேசை லாச்சியில் இருக்கிறது. எட்டு மாதமாக முடவர்களை முன்படியில் ஏற்றுகிறோம், சாவி லாச்சியில் இருக்கிறது. நானும்தான் அந்த லாச்சியை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் திறக்கிறேன்... திறந்தேன், ஒழுங்கை செங்குத்தாக மேலே போகிறது, அங்கம்மாவை அதன் நடுவில் குறுக்காக நிற்கவைத்தேன், ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில், அவருடைய துணிப் பைக்குள் எங்கள் மணல் மூட்டைகள் நாலைப் போட்டுக் கொடுத்தேன், தசைக்குப் பாரம் கட்டுகிற இரண்டு கிலோ மூட்டைகள், நான் ஒன்றும் சொல்லாமலே பையின் காதை உச்சந்தலையில் மாட்டி முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டார், இடுப்பில் கொஞ்சம் குனிந்தார், இரண்டு கையும் தானாக முன்னால் போய்க் காற்றில் கிள்ள ஆரம்பித்தன.

ஒழுங்கை ஓரத்தில் த்ரீவீல் நிறுத்தியிருந்த பளீல் நானா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பி வந்தார், என்ன தம்பி, அம்மாவுக்கு பரேட் பழக்குறீங்களா, பெரஹெரா ஊர்வலத்துல ஆட உடப் போறீங்களா என்றார். அங்கம்மா திரும்பாமலே, ஆமா நானா, யானைக்குக் காலு நோகுதாம், அதான் என்னைய எடுத்திருக்காங்க என்றார். பளீல் நானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், எனக்கு மணிக்கூட்டைப் பார்ப்பதா அங்கம்மாவைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. நாலாவது நிமிஷம் ஒரு கை கிள்ளுவதை நிறுத்திவிட்டு இடுப்பின் பக்கவாட்டுக்குப் போனது, வலது, மேட்டுப் பக்கம். ஆரம்பிச்சிருச்சு, உளையுது என்றார். கொஞ்சம் ஆறவைத்துவிட்டு, திருப்பி நிற்கவைத்தேன், ஒழுங்கையின் மற்றச் சுவரைப் பார்த்து. இப்போது இடது கால் மேட்டில். ஐந்து நிமிஷம், கை இடப்பக்கம் போனது. வலது? வலது ஒண்ணுமில்ல. தேயிலை நெரையில அங்கிட்டுப் போகும்போது ஒரு காலு, இங்கிட்டுத் திரும்பி வரும்போது மத்தக் காலு, இதத்தானே தம்பி போன மாசமும் சொன்னேன் என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை பெய்யுது என்பது போலச் சொன்னார்.

உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்து வாங்கில் உட்காரவைத்தேன், மூளை ஓட ஆரம்பித்துவிட்டது, நிறுத்த முடியவில்லை, மேட்டுக்கால் மடங்கி நிற்கிறது, பள்ளக்கால் நீண்டு நிற்கிறது, இடுப்பெலும்பு சாய்கிறது, சாய்ந்த இடுப்பின் மேல் முதுகு எதிர்ப்பக்கம் வளைய வேண்டும், இல்லாவிட்டால் ஆள் விழுவாள், தலையில் தொங்கும் பாரம் அந்த வளைவை இன்னும் இழுக்கிறது, இடுப்பின் பக்கத் தசை ஒன்று இவ்வளவையும் எட்டு மணித்தியாலம் பிடித்து நிற்கிறது, முப்பது வருஷம், மட்டத் தரைக்கு வந்தால் அந்தத் தசைக்கு வேலை இல்லை, நோவும் இல்லை. நான் பரிசோதித்தது மட்டத் தரையில். கட்டில் மட்டம், தரை மட்டம், நான் படித்த நடை பற்றிய அத்தியாயம் முழுக்க மட்டம், மனிதன் சமதரையில் நடக்கிறான் என்று தொடங்கி சமதரையிலேயே முடிகிறது, எந்த மனிதன், இங்கே யாருக்குச் சமதரை இருக்கிறது, குறுக்குச் சரிவில் பாரத்தைத் தலையில் தொங்கவிட்டு ஒரு வாழ்நாள் முழுக்க நிற்கிற இடுப்பை நான் படித்த ஒருவரும் அளந்ததாக இல்லை. அளக்கலாம். எந்தத் தசை, எத்தனை பாகைச் சரிவு, எத்தனையாவது நிமிஷம், நெரையை மாற்றி மாற்றி எடுத்தால் என்ன, ஒரே பக்கமாக எடுத்தால் என்ன... படிவத்தை எடுத்து மேசையில் விரித்து எழுதினேன், கேள்வி எட்டு வரியில் முடிந்தது, மூன்று மாதமாக வராதது ஏழு நிமிஷத்தில். பிறகு இரண்டாவது பகுதி. அது உங்களுக்கு எவ்வாறு எழுந்தது.

எவ்வாறு எழுந்தது. நோயாளி ஒருவரை உன்னிப்பாக அவதானித்தபோது என்று எழுதலாம், நல்ல வரி, வாசிக்கிறவர் தலையாட்டுவார். அந்த வரியை எழுதவே போனேன், பேனா நோயாளி வரைக்கும் போய்விட்டது. பக்கத்தில் மற்றத் தாள் கிடக்கிறது, நலன்புரி அதிகாரிக்குப் போக வேண்டியது, நாளைக்குள், அதில் எழுதவேண்டியதும் இதேதான், மட்டத் தரையில் பரிசோதித்தது பிழை, முன்னைய குறிப்பு பிழை, பிழை என்னுடையது, இவருக்கு இலகு வேலை தேவை. ஒரே மனிதன் இரண்டு தாளில் இரண்டு விதமாக எழுத முடியுமா, முடியும், எத்தனையோ பேர் எழுதுகிறார்கள், நானே எழுதியிருக்கிறேன், வலது ஒரு நாள், இடது ஒரு நாள்... அறிக்கையை முதலில் எழுதினேன், இங்கிலீஷில், நடுவில் மேட்டுக்கால் என்று தமிழில் அப்படியே எழுதினேன், அதற்கு வேறு சொல் இல்லை. கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே டொக்டரின் கையெழுத்து வேண்டும், அது இல்லாவிட்டால் அதிகாரி எடுக்கமாட்டார். டொக்டர் மூன்றரைக்கு வருவார். மேசையில் வைத்துவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், போன மாதம் கையெழுத்திட்டது பிழை என்று சொல்லும் தாள் ஒன்றில், நடுவில் வாசிக்க முடியாத தமிழ்ச் சொல் ஒன்று இருக்கும் தாளில், விளக்கம் சொல்ல ஆளில்லாமல் அவர் கையெழுத்துப் போடமாட்டார், மேசைக் காலுக்கு வைப்பார். பேராதனைக்கு மூன்று பத்து பஸ்ஸை விட்டால், த்ரீவீல் பிடித்தாலும் நாலு மணிக்குள் போய்ச் சேரமுடியாது, இந்த நேரத்தில் கண்டி ரோட்டில் பள்ளிக்கூட வாகனங்கள் எல்லாம் இறங்கிவிடும்.

மூன்று ஐந்து. பஸீஹா வந்து மேசையைப் பார்த்தாள், எழுதிட்டீங்களே, கேள்விய எழுதிட்டீங்களே, அப்ப என்ன ஒக்காந்திட்டு ஈக்கிறீங்க, ஓடுங்க கணபதி என்றாள். டொக்டர்கிட்ட நீ சொல்லுவியா என்று கேட்டேன், என்னத்தச் சொல்ல என்றாள், மேட்டுக்கால் என்றேன், அது என்ன என்றாள். அவள் பிழை இல்லை. சிங்களத்தில் அதை எப்படிச் சொல்வது, எனக்கே தெரியாது, அவரைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்த ஒழுங்கையில் அவருடைய காருக்குப் பக்கத்தில் குறுக்காக நிறுத்தினால்தான் தெரியும், நிறுத்த முடியுமா, அவர் நிற்பாரா, தம்பி நீ யோசிக்கத் தேவையில்லை என்பார், அன்பாகச் சொல்வார், இந்தத் தரம் நான் என்ன செய்வேன்? அங்கம்மா வாங்கிலிருந்து, நீங்க போங்க தம்பி, ஏதோ அவசரமாத் தெரியுது, நான் இருந்து ஐயாகிட்ட சொல்லிக்கிறேன் என்றார். எந்தக் கால்னு கேப்பாரு என்றேன். கேட்டா, இங்க மேடு எங்கிட்டு இருக்குன்னு கேப்பேன் என்றார், சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது, எப்படிச் சிரிக்க முடிகிறது இவரால், என்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம், ஏசியிருந்தால் நான் போயிருப்பேன்.

போகவில்லை. ஏன் என்று தெரியவில்லை, நல்லவன் என்பதால் இல்லை, நல்லவன் நம்பத்தகுந்ததல்ல என்ற வரியை எழுதியிருக்கமாட்டான். கீழே ரோட்டில் பேராதனை, பேராதனை என்று கண்டக்டர் கூவுவது மூன்றாம் மாடிக்குக் கேட்கிறது, பஸ் உறுமிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது, பிறகு சத்தம் தேய்ந்துபோனது, உள்ளே மெசின் ஒன்று மணி அடித்தது, பஸீஹாவின் கட்டிலாக இருக்க வேண்டும். அங்கம்மா மெதுவாகக் கேட்டார், தம்பி, ஒங்க அம்மா கொழுந்து எடுக்குறாங்களா. நான் நிமிர்ந்து பார்த்தேன். என்னைய ரோட்டுல குறுக்கால நிக்கச் சொன்னீங்களே, டவுன் புள்ளைன்னா நேரா ஏறச் சொல்லும், அதான் கேட்டேன் என்றார். ஆமா என்றேன். எந்தப் பக்கம்? பன்வில. அங்கம்மா ஆச்சரியப்படவில்லை, தலையை மட்டும் ஆட்டினார், அவங்களுக்கு எந்தக் கால் தம்பி நோகுது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அம்மா சொல்வாள், காலு உளையுதுப்பா, நான் சொல்வேன், தைலம் போடுங்க, சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்க, மூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அதே துண்டு, அதே கையெழுத்து, எந்தக் கால் என்று... அதை விடு, அம்மா நிற்கிற மலை எந்தப் பக்கம் சரிகிறது, அவள் எந்தப் பக்கம் பார்த்து நிற்பாள்? மூன்றரைக்கு முன்னமே பின்கதவுப் பக்கம் டொக்டரின் கார் ஏறிவந்து நிற்கிற சத்தம் கேட்டது, கதவை நான் இன்னும் பூட்டவில்லை, அங்கம்மா பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.